பதிவுச் செவிலியர் இளநிலைப் பட்டப் படிப்பு (ஐக்கிய அமெரிக்கா)

பதிவுச் செவிலியர் இளநிலைப் பட்டப் படிப்பு என்பது, ஏற்கெனவே செவிலியர் பயிற்சி முடித்து, உரிமம் பெற்று, மருத்துவமனைகளில் பணியாற்றி வருபவர்கள் மீண்டும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து செவிலியியலில் இளநிலைப் பட்டம் பெறுவதற்கென வகுக்கப்பட்ட படிப்பாகும். ஐக்கிய அமெரிக்காவில் இது 'ஆர்.என். டு பி.எஸ்.என்.' என்று வழங்குகிறது. ஆர்.என். என்பது பதிவுச் செவிலியரையும், பி.எஸ்.என். என்பது செவிலியியலில் இளநிலை அறிவியல் பட்டத்தையும் குறிக்கும். இந்தியாவில் இதற்கு இணையானது 'போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்' ஆகும்.

நம் ஊரில் இடைநிலை ஆசிரியராகப் பணியில் சேர்ந்தவர்கள், பள்ளி விட்டு வந்தபின் அஞ்சல்வழிப் பாடங்களைப் படித்துப் பி.ஏ.வும் அதன்பின் பி.எட்.டும் பெற்றுப் பட்டதாரி ஆசிரியராக உயர்ந்ததைப் பலர் கண்டிருப்பர். செவிலியர் செய்வதும் ஏறத்தாழ அதுவே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பட்டம் பெற்ற ஆசிரியர் மேல் வகுப்புக்குப் போய்விடுவார். பட்டம் பெற்ற அமெரிக்கச் செவிலியரோ பெரும்பாலும் அதே வார்டில், அதே சீருடையில், அதே உரிமத்துடன் மறுநாளும் பணிக்கு வருவார். அப்படியானால் இந்தப் பட்டம் எதற்கு? அதனால் பயன் யாருக்கு? அதன் செலவை யார் ஏற்பது? கடந்த அறுபது ஆண்டுகளாக அமெரிக்கச் செவிலியர் உலகம் வாதிட்டு வரும் கேள்விகள் இவை.

ஒரே உரிமம், மூன்று வழிகள்

அமெரிக்காவில் பதிவுச் செவிலியர் ஆவதற்கு மூன்று கல்வி வழிகள் உள்ளன.

1. மருத்துவமனைப் பட்டயம்: மருத்துவமனை நடத்தும் பள்ளியில் பெரும்பாலும் மூன்று ஆண்டுப் பயிற்சி. ஒரு காலத்தில் இதுவே பெருவழி. இன்று மிகச் சில பள்ளிகளே எஞ்சியுள்ளன.

2. அசோசியேட் பட்டம்: சமுதாயக் கல்லூரிகளில் வழங்கப்படும் ஈராண்டுப் பட்டம். முன்தேவைப் பாடங்களையும் சேர்த்தால் நடைமுறையில் மூன்று ஆண்டுகள் வரை ஆகும். கட்டணம் குறைவு, வீட்டருகே படிக்கலாம்.

3. இளநிலைப் பட்டம்: பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுப் படிப்பு.

மூன்று வழிகளில் வந்தவர்களும் எழுதுவது ஒரே தேர்வு. 'என்கிளெக்ஸ்-ஆர்.என்.' எனப்படும் அத்தேர்வில் வென்றபின், அந்தந்த மாநிலத்தின் செவிலியர் வாரியம் ஒரே வகையான உரிமத்தை வழங்குகிறது. உரிமத்தில் பட்டயம், பட்டம் என்ற பாகுபாடு இல்லை. நோயாளியின் படுக்கையருகே நிற்கும் செவிலியர் எந்த வழியில் வந்தவர் என்பதை நோயாளி அறிய வழியில்லை.

இவ்வாறு உரிமம் ஒன்றாகவும் கல்வி மூன்றாகவும் இருப்பதே சிக்கலின் வேர். முதல் இரண்டு வழிகளில் வந்தவர்கள் பட்டம் பெற விரும்பினால் மீண்டும் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டுமா, அல்லது அவர்கள் கற்றதையும் பணியில் பெற்றதையும் கணக்கில் கொண்டு மீதியை மட்டும் கற்பித்தால் போதுமா? இதற்கு விடையாக அமைந்ததே பதிவுச் செவிலியருக்கான பட்டப் படிப்பு.

வரலாறு

மருத்துவமனைப் பள்ளிகளின் காலம்

புளோரன்ஸ் நைட்டிங்கேலின் கருத்துகளைப் பின்பற்றி 1873-இல் நியூயார்க், நியூ ஹேவன், பாஸ்டன் ஆகிய நகரங்களில் செவிலியர் பயிற்சிப் பள்ளிகள் தோன்றின. அவற்றைப் பார்த்து நாடெங்கும் மருத்துவமனைகள் பள்ளிகளைத் தொடங்கின. காரணம் கல்வி ஆர்வம் மட்டுமன்று. பயிற்சி மாணவியர் வார்டுகளில் வேலை செய்தனர். அவர்களுக்கு உணவும் உறைவிடமும் சிறு தொகையும் கொடுத்தால் போதும். மருத்துவமனையின் அன்றாடப் பணி பெருமளவு அவர்கள் கைகளால் நடந்தது. பாடம் நடப்பது வேலை முடிந்து நேரமிருந்தால்தான்.

1903-இல் வட கரோலினா மாநிலம் செவிலியர் பதிவுச் சட்டத்தை முதன்முதலில் இயற்றியது. பிற மாநிலங்களும் தொடர்ந்தன. 'பதிவுச் செவிலியர்' என்ற பெயர் சட்டப்படி நிலைபெற்றது இவ்வாறே.

பல்கலைக்கழக வாயில்

பணியிலுள்ள செவிலியர் மீண்டும் படிக்கச் செல்வது நாம் நினைப்பதைவிடப் பழைமையானது. 1899-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆசிரியர் கல்லூரி, பயிற்சி முடித்த செவிலியருக்கென ஒரு பாடநெறியைத் தொடங்கியது. செவிலியர் பள்ளிகளை நடத்தவும் அங்குக் கற்பிக்கவும் ஆட்கள் தேவைப்பட்டதே இதற்குக் காரணம். அக்கல்லூரியில் மேரி அடிலெய்டு நட்டிங் 1907-இல் பேராசிரியரானார். செவிலியர் ஒருவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனது அதுவே முதல்முறை. செவிலியர் கல்வி முதலில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் வழியாக என்பது குறிப்பிடத்தக்கது.

1909-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகம் தன் அமைப்புக்குள்ளேயே ஒரு செவிலியர் பள்ளியை நிறுவியது. 1923-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியால் நடந்த ஆய்வு ஒன்று, கோல்ட்மார்க் அறிக்கை என்ற பெயரில் வெளியாயிற்று. மருத்துவமனையின் வேலைத் தேவையும் மாணவியின் கல்வித் தேவையும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று அது காட்டியது. அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் தனி முதல்வரைக் கொண்ட செவிலியியல் பள்ளி தோன்றியது.

போருக்குப் பின்

இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய செவிலியர்கள் நாடு திரும்பியபோது, முன்னாள் படைவீரருக்கான 1944-ஆம் ஆண்டுக் கல்வி உதவிச் சட்டம் அவர்களுக்கும் பயன்பட்டது. மருத்துவமனைப் பட்டயம் மட்டும் பெற்றிருந்த பலர் அரசின் செலவில் பல்கலைக்கழகம் சென்றனர். 1948-இல் எஸ்தர் லூசில் பிரவுன் எழுதிய அறிக்கை, செவிலியர் கல்வி மருத்துவமனைகளிலிருந்து உயர்கல்வி நிறுவனங்களுக்கு மாற வேண்டும் என வலியுறுத்தியது.

ஆனால் போருக்குப் பின் செவிலியர் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. விரைவில் செவிலியரை உருவாக்க மில்ட்ரெட் மான்டாக் என்ற கல்வியாளர் 1951-இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். சமுதாயக் கல்லூரிகளில் ஈராண்டில் 'தொழில்நுட்பச் செவிலியரை'ப் பயிற்றுவிப்பதே அத்திட்டம். அவர்கள் பட்டதாரிச் செவிலியரோடு இணைந்து, வரையறுக்கப்பட்ட பணிகளைச் செய்வர் என அவர் எண்ணினார். 1952-இல் சோதனை முறையில் தொடங்கிய இத்திட்டம் பெருவெற்றி பெற்றது. நடந்தது மட்டும் அவர் எண்ணியவாறு இல்லை. ஈராண்டுப் படிப்பு முடித்தவர்களும் அதே பதிவுத் தேர்வை எழுதினர். அதே உரிமத்தைப் பெற்றனர். அதே பணியைச் செய்தனர்.

1965-ஆம் ஆண்டு அறிக்கை

அமெரிக்கச் செவிலியர் சங்கம் 1965-இல் தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. செவிலியர் கல்வி முழுவதும் உயர்கல்வி நிறுவனங்களில் நடைபெற வேண்டும். தொழில்முறைச் செவிலியராகத் தொடங்குவதற்குக் குறைந்தபட்சத் தகுதி இளநிலைப் பட்டம் என்பது அதன் சாரம். அப்போது பணியிலிருந்த செவிலியரில் மிகப் பெரும்பாலோர் மருத்துவமனைப் பள்ளிகளில் பயின்றவர்கள். தங்கள் படிப்பையும் பணியையும் தங்கள் சங்கமே குறைத்துப் பேசிவிட்டதாக அவர்களில் பலர் மனம் வருந்தினர். அந்தப் பிளவு ஆறுவதற்குப் பல்லாண்டுகள் ஆயின. பட்டம் இல்லாதவர் தாழ்ந்தவர் அல்லர், ஆயினும் பட்டம் பெற அவருக்கு வழி இருக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்று, பதிவுச் செவிலியருக்கான தனிப் படிப்புகள் பெருகியதும் இதன் பின்னரே.

சட்டத்தால் கட்டாயமாக்கும் முயற்சிகள்

வட டக்கோட்டா: இம்மாநிலம் 1980-களின் பிற்பகுதியில் புதிய பதிவுச் செவிலியருக்கு இளநிலைப் பட்டத்தைக் கட்டாயமாக்கியது. வேறெந்த மாநிலமும் அவ்வழியில் வரவில்லை. 2003-இல் மாநிலச் சட்டமன்றம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது.

நியூயார்க்: பல ஆண்டு விவாதத்துக்குப் பின், 2017 டிசம்பரில் இம்மாநிலம் வேறொரு வழியைத் தேர்ந்தது. பட்டயமோ அசோசியேட் பட்டமோ பெற்றவர் வழக்கம்போல உரிமம் பெற்றுப் பணியில் சேரலாம். ஆனால் முதல் உரிமம் பெற்ற 10 ஆண்டுகளுக்குள் இளநிலைப் பட்டம் பெற்றுவிட வேண்டும். சட்டம் வந்தபோது ஏற்கெனவே உரிமம் பெற்றிருந்தவர்களுக்கும் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் இது பொருந்தாது.

இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு நுட்பம் புலப்படும். வட டக்கோட்டா வாயிலிலேயே தடுத்தது. நியூயார்க் உள்ளே விட்டு, படிக்கக் காலம் கொடுத்தது. ஏழை மாணவி முதலில் சம்பாதிக்கத் தொடங்கி, பின்னர் அந்தச் சம்பளத்தைக் கொண்டே படிக்க இரண்டாவது வழி இடம் தருகிறது.

பட்டத்தால் நோயாளிக்கு என்ன பயன்?

இக்கேள்விக்கு எண்களால் விடை தேடியவர்களில் முதன்மையானவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா எய்க்கன். 2003-இல் அவர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்றவர்களைப் பற்றியது. பட்டம் பெற்ற செவிலியரின் விகிதம் 10 சதவீதப் புள்ளி கூடுதலாக இருந்த மருத்துவமனைகளில், நோயாளி 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவாக இருந்தது என்று அது கண்டது. சிக்கல் தோன்றிய நோயாளியைக் காப்பாற்ற இயலாமல் போகும் வாய்ப்பும் அதே அளவு குறைந்திருந்தது.

2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளை உள்ளடக்கிய ஆய்வு 'லான்செட்' இதழில் வந்தது. அதிலும் இதே போக்கு தெரிந்தது. பட்டதாரிச் செவிலியர் 10 சதவீதப் புள்ளி கூடினால் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவு. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: ஒரு செவிலியர் பார்க்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினால் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் அதிகமாகிறது. ஆகவே படிப்பு மட்டும் போதாது. போதிய ஆள்களும் வேண்டும்.

'சிக்கலிலிருந்து காப்பாற்றுதல்' என்பதைச் சற்று விளக்க வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்த நோயாளிக்கு இரவு இரண்டு மணிக்கு நாடித் துடிப்பு மெல்லக் கூடுகிறது. சிறுநீர் அளவு குறைகிறது. பேச்சில் சிறு தடுமாற்றம். தனித்தனியே பார்த்தால் இவை பெரிய மாற்றங்கள் அல்ல. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், உள்ளே இரத்தக் கசிவோ இரத்தத்தில் நச்சுத்தொற்றோ தொடங்கியிருக்கலாம். அந்நேரத்தில் அருகில் இருப்பவர் மருத்துவர் அல்லர், செவிலியர். அவர் அடையாளங்களை இணைத்துப் பார்த்து, தயங்காமல் மருத்துவரை அழைத்து, தெளிவாகச் சொன்னால் உயிர் பிழைக்கும்.

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது மாணவர்கள் ஓர் எச்சரிக்கையை மனத்தில் கொள்ள வேண்டும். இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. பட்டதாரிகளை அதிகம் சேர்க்கும் மருத்துவமனை வசதி மிக்கதாகவும் இருக்கலாம். ஆய்வாளர்கள் மருத்துவமனையின் அளவு, தொழில்நுட்ப வசதி, செவிலியர் எண்ணிக்கை, அனுபவ ஆண்டுகள் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டே முடிவுக்கு வந்தனர். எனினும் இது தொடர்பைக் காட்டும் சான்றே தவிர, சோதனைச்சாலை நிரூபணம் அன்று.

நம் தலைப்புக்கு நெருக்கமான கேள்வி இன்னொன்று. நேராக நான்காண்டு படித்தவரும், பணிக்குப் பின் திரும்பிவந்து படித்தவரும் ஒன்றா? இதை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வு, பட்டம் எவ்வழியில் வந்தாலும் நோயாளிக்குக் கிடைக்கும் பயனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது.

80 சதவீத இலக்கு

2010-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் 'செவிலியியலின் எதிர்காலம்' என்ற அறிக்கையை வெளியிட்டது. அப்போது செவிலியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடமே இளநிலைப் பட்டம் இருந்தது. அதை 2020-க்குள் 80 சதவீதமாக்க வேண்டும் என்பது அறிக்கையின் பரிந்துரைகளுள் ஒன்று. 2020 வந்தபோது ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பட்டம் பெற்றிருந்தனர். இலக்கு எட்டப்படவில்லை என்றாலும், பத்தாண்டில் நிகழ்ந்த மாற்றம் பெரிது. இம்மாற்றத்தில் பெரும்பங்கு பணியிலிருந்து திரும்பிப் படித்தவர்களால் வந்தது.

மருத்துவமனைகளும் இதைத் தூண்டின. சிறந்த செவிலியப் பணிக்காக 'மேக்னட்' என்னும் தகுதிச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. அதைப் பெற, செவிலிய மேலாளர்கள் அனைவரும் செவிலியியலில் பட்டம் பெற்றிருக்க வேண்டும். எனவே பல மருத்துவமனைகள் புதிதாகச் சேருவோரிடம், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் பட்டம் பெறுவதாக எழுதி வாங்கிக்கொள்கின்றன.

பாடத்திட்டம்

ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, சொட்டு மருந்தின் வேகத்தைக் கணக்கிடுவது ஆகியவை இப்படிப்பில் மீண்டும் கற்பிக்கப்படுவதில்லை. அவை செவிலியருக்குக் கைவந்த கலை. அடிப்படைப் பயிற்சியில் நேரமின்மையால் விடுபட்டவையே இங்குப் பாடங்களாகின்றன. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் பின்வருவன இடம்பெறும்:

- முழு உடல் மதிப்பீடும் நோய்க்கூறு உடலியங்கியலும்
- புள்ளியியல், ஆய்வு முறைகள், சான்று சார்ந்த செவிலியப் பணி
- சமுதாய நலச் செவிலியியல்
- தலைமைப் பண்பும் வார்டு நிர்வாகமும்
- நலவாழ்வுத் தகவலியல்
- நலவாழ்வுக் கொள்கை, சட்டம், அறநெறி
- நிறைவுச் செயல்திட்டம்

இவை அனுபவத்தோடு எவ்வாறு இணைகின்றன என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் கூறலாம்.

முதலாவது, சிறுநீர்க் குழாய். குழாய் தேவைக்கு மேல் ஒரு நாள் இருந்தாலும் தொற்று வரும் வாய்ப்பு கூடும் என்பதை அனுபவமுள்ள செவிலியர் அறிவார். தம் நோயாளிக்குத் தக்க நேரத்தில் அகற்றச் சொல்லியும் கேட்பார். ஆய்வு முறைகளைக் கற்றவர் அடுத்த படிக்குச் செல்வார். தம் வார்டில் ஆறு மாதத்தில் எத்தனை பேருக்குக் குழாய் போடப்பட்டது, சராசரியாக எத்தனை நாள் இருந்தது, எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்று எண்ணுவார். நாள்தோறும் காலையில் 'இந்தக் குழாய் இன்றும் தேவையா?' என்று கேட்கும் நடைமுறையைக் கொண்டுவந்து, மீண்டும் எண்ணிப் பார்ப்பார். ஒரு நோயாளிக்குச் செய்ததை வார்டு முழுமைக்கும் செய்வது என்பது இதுதான். நிறைவுச் செயல்திட்டங்கள் பல இவ்வகையினவே.

இரண்டாவது, இதயம் பலவீனமான ஒருவர் மாதந்தோறும் மூச்சுத் திணறலோடு வருகிறார். வார்டில் அவருக்குச் செய்ய வேண்டியதைச் செவிலியர் குறைவின்றிச் செய்கிறார். சமுதாய நலப் பாடம் வேறொரு கேள்வியைக் கேட்கப் பழக்குகிறது: அவர் ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்? மாத்திரை வாங்கப் பணமில்லையா? உப்பு மிகுந்த டப்பா உணவைத் தவிர வேறு கிடைக்காத பகுதியில் வாழ்கிறாரா? எடை பார்க்கும் கருவி வீட்டில் உண்டா? இவற்றின் விடைகள் மருத்துவமனைக்கு வெளியே உள்ளன.

காலமும் செலவும்

அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துக்கு ஏறத்தாழ 120 மதிப்பலகுகள் வேண்டும். முன்பு படித்த பாடங்களுக்கும், உரிமம் பெற்றிருப்பதற்கும் கணிசமான மதிப்பலகுகளைப் பல்கலைக்கழகம் வழங்கிவிடும். மீதியை முழுநேரமாகப் படித்தால் ஓராண்டு, பகுதிநேரமாகப் படித்தால் இரண்டு ஆண்டுகள் அல்லது சற்றுக் கூடுதலாக ஆகும்.

மருத்துவமனைப் பணிமுறையும் இதற்கு இடமளிக்கிறது. அமெரிக்கச் செவிலியர் பலர் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 12 மணி நேரம் பணிபுரிகின்றனர். மற்ற நான்கு நாள்களில் ஓய்வு, வீட்டு வேலை, பிள்ளைகள் ஆகியவற்றுக்கு இடையே படிப்புக்கும் நேரம் ஒதுக்குகின்றனர். பெரும்பாலான படிப்புகள் இணையவழியில் நடப்பதால், குறித்த நேரத்தில் வகுப்பில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. செயல்முறைப் பயிற்சியைத் தம் ஊரிலேயே ஒரு நலவாழ்வு மையத்திலோ பள்ளியிலோ முடித்துக்கொள்ள முடிகிறது.

கட்டணத்துக்கு மருத்துவமனைகள் பல உதவுகின்றன. பணியாளரின் கல்விக்கு நிறுவனம் தரும் உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வருமான வரி இல்லை என்று கூட்டாட்சி வரிச் சட்டம் நெடுங்காலமாக அனுமதித்து வருகிறது. உதவி பெறுபவர் சில ஆண்டுகள் அங்கேயே பணிபுரிய வேண்டும் என்ற நிபந்தனையும் சில இடங்களில் உண்டு.

சமுதாயக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் கைகோத்து நடத்தும் திட்டங்களும் உள்ளன. ஓரிகன் மாநிலத்தில் சமுதாயக் கல்லூரிகளும் மாநில மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் பொதுவான பாடத்திட்டத்தை வகுத்துள்ளன. அதனால் மாணவி சமுதாயக் கல்லூரியில் தொடங்கும்போதே பட்டத்தை நோக்கிய பாதையில் நிற்கிறாள்.

எதிர்வாதங்கள்

பட்டத்தைக் கட்டாயமாக்குவதை எதிர்ப்போர் கூறும் காரணங்கள் எளிதில் தள்ளிவிடத் தக்கவை அல்ல.

முதலாவது, ஊதியம். பொறுப்பு ஒன்றாக இருக்கும் வார்டுப் பணியில் பட்டத்துக்கெனக் கிடைக்கும் ஊதிய உயர்வு பல இடங்களில் சிறிதே. நன்மை நோயாளிக்கும் மருத்துவமனைக்கும், செலவு செவிலியருக்கு என்றால் அது நியாயமா என்று கேட்கின்றனர்.

இரண்டாவது, வாய்ப்பு. சமுதாயக் கல்லூரிகளில் படிப்பவர்களில் கிராமப்புறத்தார், சிறுபான்மையினர், குடும்பப் பொறுப்போடு படிப்பவர்கள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் மிகுதி. நான்காண்டுப் பட்டம் மட்டுமே வாயில் என்றால் இவர்களில் பலர் செவிலியர் ஆகவே முடியாது.

மூன்றாவது, அனுபவத்தின் மதிப்பு. இருபது ஆண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்றவரிடம், நேற்றுப் பட்டம் பெற்றவர் கற்றுக்கொள்ள வேண்டியவை ஏராளம். இதைப் பட்ட ஆதரவாளர்களும் மறுப்பதில்லை. கட்டுரை எழுதும் வீட்டுப்பாடங்கள் தம் பணிக்கு எவ்வாறு உதவும் என்று மூத்த செவிலியர் சலித்துக்கொள்வதும் உண்டு. நல்ல படிப்பு இவர்களின் அனுபவத்தையே பாடப்பொருளாக்குகிறது. மோசமான படிப்பு அவர்களைப் பள்ளி மாணவரைப் போல நடத்துகிறது.

இந்தியாவுடன் ஓர் ஒப்பீடு

இந்தியாவிலும் இதே நிலை வேறு வடிவில் உள்ளது. வேலூர் கிறித்துவ மருத்துவமனையில் செவிலியர் பள்ளி 1909-இல் தொடங்கியது. 1946-இல் வேலூரிலும் டெல்லியிலும் நாட்டின் முதல் பி.எஸ்சி. நர்சிங் பட்டப் படிப்புகள் தொடங்கப்பெற்றன. இன்று ஜி.என்.எம். எனப்படும் மூன்றாண்டுப் பட்டயமும், நான்காண்டு பி.எஸ்சி.யும் அருகருகே நடக்கின்றன. இரண்டும் முடித்தவர்கள் மாநிலச் செவிலியர் மன்றத்தில் பதிவு செய்து பணிபுரியலாம்.

பி.எஸ்சி. நர்சிங்கில் சேர மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். பட்டயத்துக்குப் பிற பாடப்பிரிவில் படித்தவர்களும் சேரலாம். பதினைந்து, பதினாறு வயதில் எடுத்த பாடப்பிரிவு முடிவோ, வீட்டின் பணநெருக்கடியோ ஒரு மாணவியைப் பட்டயத்துக்கு அனுப்பிவிடுகிறது. அந்த முடிவை பின்னாளில் மாற்றிக்கொள்ள அவளுக்குள்ள வழி போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. ஆகும்.

இந்தியச் செவிலியர் மன்றத்தின் விதிப்படி, மேல்நிலைத் தேர்வும் ஜி.என்.எம். பட்டயமும் பெற்று, செவிலியராகவும் பேறுகால உதவியாளராகவும் பதிவு செய்தவர்கள் இதில் சேரலாம். படிப்புக் காலம் இரண்டு ஆண்டுகள். முதலாண்டில் நுண்ணுயிரியல், உணவூட்டவியல், உயிர்வேதியியல், உளவியல், தாய் சேய் நலம் முதலியனவும், இரண்டாம் ஆண்டில் சமூகவியல், சமுதாய நலச் செவிலியியல், மனநலச் செவிலியியல் ஆகியவற்றோடு கற்பித்தல், நிர்வாகம், ஆய்வும் புள்ளியியலும் ஆகிய அறிமுகப் பாடங்களும் உள்ளன. தமிழ்நாட்டில் இப்பட்டத்தைத் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் வழங்குகிறது. முடித்தவர்கள் உரிய பணி அனுபவத்தோடு எம்.எஸ்சி. நர்சிங் படிக்கவும், செவிலியர் கல்லூரிகளில் கற்பிக்கவும் வழி திறக்கிறது.

அமெரிக்க முறையோடு ஒப்பிட்டால் முக்கிய வேறுபாடு ஒன்றுண்டு. அங்கே செவிலியர் பணியை விடாமல் படிக்கிறார். இங்கே இது பெரும்பாலும் நாள்தோறும் கல்லூரிக்குச் செல்லும் முழுநேரப் படிப்பு. படிப்பு விடுப்புக் கிடைக்காதவர் வேலையை விட வேண்டும். அப்போது கட்டணத்தோடு இரண்டு ஆண்டுச் சம்பளமும் செலவுக் கணக்கில் சேரும். நேரடிப் பட்டதாரி நான்கு ஆண்டில் பெறுவதை இவர் மூன்றும் இரண்டுமாக ஐந்து ஆண்டில் பெறுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பணியிலுள்ள செவிலியருக்கென மூன்றாண்டுத் தொலைநிலைப் படிப்பை நடத்துகிறது. அதற்குப் பணி அனுபவமும் நுழைவுத் தேர்வும் தேவை. இலங்கையில் திறந்த பல்கலைக்கழகம் 1994 முதல் பதிவுச் செவிலியருக்கான பட்டப் படிப்பை வழங்கி வருகிறது.

சேர விரும்புவோர் கவனிக்க வேண்டியவை

1. ஏற்பு: அமெரிக்காவில் படிப்புக்கு உரிய தேசியத் தரச்சான்று உள்ளதா, இந்தியாவில் கல்லூரிக்குச் செவிலியர் மன்றத்தின் ஏற்பும் பல்கலைக்கழக இணைப்பும் உள்ளனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஏற்பில்லாத பட்டத்தைக் கொண்டு மேற்படிப்புக்கோ அரசுப் பணிக்கோ செல்ல முடியாது.

2. முன்படிப்பின் மதிப்பு: முன்பு படித்தவற்றில் எத்தனை மதிப்பலகுகளை ஏற்பார்கள் என்பதைச் சேருமுன் எழுத்தில் பெறுவது நல்லது. மொத்தச் செலவு இதைப் பொறுத்தே அமையும்.

3. செயல்முறைப் பயிற்சி: இணையவழிப் படிப்பு என்றாலும் நேரடிப் பயிற்சி உண்டு. அதற்கு இடம் தேடித் தருவது கல்லூரியா, மாணவரா என்று கேட்க வேண்டும்.

4. பணியிடத்தின் உதவி: கட்டண உதவி, படிப்பு விடுப்பு, பணிநேர மாற்றம், அவற்றோடு வரும் நிபந்தனைகள் ஆகியவற்றை அறிந்துகொள்ள வேண்டும்.

5. நோக்கம்: வார்டிலேயே தொடர்வதா, கற்பிப்பதா, சமுதாய நலப் பணியா, மேற்படிப்பா என்பதை முடிவு செய்தால் எந்தப் படிப்பு பொருந்தும் என்பது தெளிவாகும்.

முடிவுரை

1899-இல் கொலம்பியாவுக்குச் சென்ற செவிலியர்கள் முதல், இன்று இரவுப் பணி முடிந்து வந்து கணினி முன் அமரும் செவிலியர்கள் வரை, திரும்பிப் படிக்க வந்தவர்களுக்குப் பொதுவான பண்பு ஒன்று உண்டு. அவர்கள் ஒன்றும் தெரியாமல் வருவதில்லை. பலவற்றைக் கண்டு, அவற்றுள் சிலவற்றுக்குக் காரணம் தெரியாமல் வருகிறார்கள். அத்தகைய மாணவர் கிடைப்பது எந்த ஆசிரியருக்கும் நற்பேறு.

பட்டதாரிச் செவிலியர் கூடினால் நோயாளிகள் அதிகம் பிழைக்கின்றனர் என்பதை ஆய்வுகள் உணர்த்துகின்றன. அது உண்மையானால் அந்தப் படிப்பின் பயன் ஊருக்கெல்லாம் பொது. பயன் பொதுவாக இருக்க, செலவை மட்டும் ஒரு செவிலியரின் சேமிப்பிலும் உறக்கத்திலும் ஏற்றிவைப்பது முறையாகாது. விடுப்பு, கட்டண உதவி, அனுபவத்துக்கு மதிப்பலகு, பணியோடு பொருந்தும் வகுப்பு நேரம் ஆகிய நான்கும் கிடைக்கும் இடங்களில் செவிலியர் தாமாகவே படிக்க முன்வருகின்றனர். அவை இல்லாத இடங்களில் கட்டாயச் சட்டம் நிலைப்பதில்லை என்பதற்கு வட டக்கோட்டாவின் அனுபவத்தை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.